காமன் பொட்டலில் கண்ட விழா

கொழும்பிலிருந்து ஹட்டனுக்குச் செல்ல இரண்டு வழிகள் உண்டு. புகையிரதத்தில் அமர்ந்து, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி என்று நிலையங்களை எண்ணிக்கொண்டே மலையேறுவது ஒன்று. அவிசாவளை, எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாகப் பஸ் வண்டியிலே செல்வது மற்றொன்று. முன்னதிலே சௌகரியம் அதிகம். பின்னதிலே வளைவுகள் அதிகம். ஆயினும், மலைநாட்டின் வாசலைக் கண்ணாற் காண விரும்புகிறவர்கள் பஸ் பாதையையே தேர்ந்துகொள்ள வேண்டும். அந்த வாசலுக்குத்தான் கினிகத்தேனை என்று பெயர்.

எட்டியாந்தோட்டை வரையில் இருமருங்கிலும் இறப்பர் மரங்கள் நிழல் விரித்து நிற்கின்றன. பிறகு களனி கங்கை நம்மோடு துணைக்கு வருகிறது. கித்துல்கலையை அடைந்ததும் பஸ்ஸிலிருக்கும் யாராவது ஒருவர் ஆற்றைச் சுட்டிக்காட்டி, “இங்கேதான் அந்தப் பாலத்தைக் கட்டினார்கள்” என்று சொல்லாமல் விடமாட்டார். 1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்துக்காக இங்கே மரப்பாலம் ஒன்றைக் கட்டி, கதையின் முடிவிலே அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு காட்சிக்காக இவ்வளவு பெரிய பொருட்செலவா என்று வியக்கிறோம். ஆனால் அதே பாதையிலே இன்னும் சிறிது தூரம் ஏறினால், தன் கதாநாயகனையே ஆண்டுதோறும் எரித்துவிட்டு, மூன்றாம் நாள் அவனை எழுப்பிக்கொள்ளும் ஒரு நாடகம் இருக்கிறது. அதற்குப் பணம் கொடுப்பவர்கள் பட முதலாளிகள் அல்லர். கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்களும் கவ்வாத்து வெட்டும் ஆண்களுமே. அதனைக் காணத்தான் நான் சென்றேன்.

தீயின் பெயர் கொண்ட மழையூர்

கினிகத்தேனை ஒரு சந்தியூர். ஹட்டனுக்கு ஏறும் நெடும்பாதையிலிருந்து நாவலப்பிட்டிப் பாதை இங்கே பிரிகிறது. சிங்களத்திலே ‘கினிகத்’ என்றால் தீப்பற்றிய என்றும், ‘ஹேன’ என்றால் சேனை என்றும் பொருள். தீப்பற்றிய சேனை என்று பெயர் பெற்ற ஊர் எவ்வளவு வறண்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து சுமந்து வரும் முகில்களை முதன்முதலில் தடுத்து நிறுத்தும் மலைகள் இவை. கினிகத்தேனையும் அதற்கு மேலே உள்ள வட்டவளையும் இலங்கையிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களைச் சேர்ந்தவை. வைகாசி, ஆனி மாதங்களிலே இங்கு வருகிறவர்களுக்கு மலை தெரியாது, பாதை தெரியாது. பக்கத்திலே குடை பிடித்து நிற்பவர் முகங்கூடத் தெரியாது.

அந்த மழை வீண்போகவில்லை. சமீபத்திலே, கெஹெல்கமு ஓயா 98 மீற்றர் உயரத்திலிருந்து அபர்டீன் நீர்வீழ்ச்சியாகக் குதிக்கிறது. இம்மலைகளின் நீரைக்கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர கண்ட கனவு, 1950ஆம் ஆண்டு லக்ஷபான மின்நிலையமாக நிறைவேறிற்று. கம்பிகள் தோட்டங்களின் தலைக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. அக்கம்பிகளுக்குக் கீழேயிருந்த லயங்களிலோ நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது. அக்காலத்தில் கூத்தென்றால் பெற்றோமாக்ஸ் விளக்குகளை வாடகைக்கு எடுத்து வருவார்கள். “காற்று வீசினால் ரதியின் முகம் தெரியாது, அழுகைச் சத்தம் மட்டும் கேட்கும்” என்று முதியவர் ஒருவர் பின்னர் என்னிடம் கூறினார்.

நான் சென்றது மாசி மாதம். வானம் துடைத்துவிட்டாற்போலத் தெளிந்திருந்தது. கடைத்தெருவிலே தேநீர் அருந்திவிட்டு, முச்சக்கர வண்டியில் தேயிலை மலைகளுக்கிடையே ஏறினேன். அத்தோட்டத்தின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். நான் சொல்லப்போகும் வழக்கும் சமாதானமும் அந்தத் தோட்டத்துக்கு மாத்திரம் உரியவை அல்ல. பாடசாலை ஆசிரியரான என் நண்பர் எனக்கு அனுப்பியிருந்த அழைப்பிதழில், ‘காமன் கூத்துக் கலைஞர் கௌரவிப்பும் நிதி திரட்டும் விழாவும்’ என்று கொட்டை எழுத்துக்களில் அச்சிட்டிருந்தது.

கூத்து நடக்கும் விதம்

காமன் கூத்தைக் காணாத வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். தவத்திலிருந்த சிவபெருமான்மீது மலர்க்கணை தொடுத்த மன்மதன், அவருடைய நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பலான கதையை நாம் அறிவோம். அந்தக் கதையைத் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களிலே மாசி மாதத்தில் பண்டிகையாகவே கொண்டாடுவார்கள். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூலிகளாகக் கடல் கடந்து வந்தவர்கள், மூட்டையிலே கொண்டுவர முடியாத இந்தக் கூத்தைத் தொண்டையிலும் காலிலும் வைத்துக்கொண்டு வந்தார்கள். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துக்களும் அவ்வாறே வந்தன.

மாசி அமாவாசை கழிந்ததும், காமன் பொட்டல் என்று வழங்கும் திடலிலே கம்பம் ஊன்றுவார்கள். ரதியாகவும் மதனாகவும் வேஷம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி விரதம் இருப்பார்கள். ரதி வேஷமும் ஆணுக்கே உரியது. பகலெல்லாம் மலையிலே வேலை செய்துவிட்டு, இரவிலே தப்பொலியுடன் லயம் லயமாகச் சென்று ஆடுவார்கள். ரதிக்கும் மதனுக்கும் திருமணம் நடக்கும். இறுதி இரவிலே தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வருவான், குறவனும் குறத்தியும் வந்து சிரிக்க வைப்பார்கள். விடியும் வேளையிலே மதன் எரிவான். அப்பொழுது ரதி அழுகின்ற அழுகையிலே திடலிலிருக்கும் பெண்களெல்லாம் சேர்ந்துகொள்வார்கள். ஒவ்வொருத்தியும் தன் வீட்டுத் துக்கத்தை அதிலே கலந்து அழுவாள். மூன்றாம் நாள் மதனை உயிர்ப்பிக்கும் சடங்கு நடைபெறும். அத்துடன் காப்பு அவிழ்ப்பார்கள்.

அந்த மூன்றாம் நாள் மாலையிலேதான் விழாவை வைத்திருந்தார்கள். நான் பொட்டலை அடைந்தபோது, நடுவிலே கம்பம் எரிந்த இடம் கருவட்டமாகக் கிடந்தது. ஒரு பக்கத்திலே பலகை மேடை; அதற்கு எதிரே பாடசாலையிலிருந்து கொண்டுவந்த கதிரைகள்; ஒலிபெருக்கி; வண்ணக் கடதாசித் தோரணம். மேடைக்குப் பின்னால் இருந்த திண்ணையிலே கூத்து வாத்தியார் அமர்ந்திருந்தார். வயது எண்பதை நெருங்கும். தம்முடைய பதினாறாவது வயதிலே ரதி வேஷம் கட்டத் தொடங்கியவர்.

“போன வருஷம் கம்பம் ஊனினோம். கூத்துப் போடலீங்க” என்றார் அவர். “உடுப்பு கிழிஞ்சுபோச்சு. தப்பு வார்க்கக் காசில்ல. அதெல்லாம்கூட சமாளிச்சிருப்போம் தம்பி. ரதி கட்ட ஆள் இல்ல. நெருப்பு வச்சா எரியிறது மதன் மட்டுந்தான். அவன மூணாம் நாள் எழுப்பிக்கலாம். கூத்து எரிஞ்சுபோனா யாரு எழுப்புறது?”

இவ்வாண்டு பக்கத்துத் தோட்டத்திலிருந்து உடைகளை இரவல் வாங்கி, கூத்தை ஒருவாறு நடத்தி முடித்திருந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த நிலை வரலாகாது என்பதற்காகவே இந்த விழா. தப்புகளும் உடைகளும் வாங்க வேண்டும். சிறுவர்களுக்கு ஆண்டு முழுவதும் கூத்துப் பழக்க வேண்டும். இதற்குப் பணம் திரட்ட வேண்டும்; பணம் கொடுத்தவர்களையும் கலைஞர்களையும் ஒரே மேடையிலே கௌரவிக்க வேண்டும். இளைஞர் மன்றத்தினரின் யோசனை இது. நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள்ளேதான் ஒரு வழக்கும் முளைத்திருந்தது.

முதல் மரியாதை யாருக்கு?

தோட்டங்களிலே கூத்துக்கு என்றும் புரவலர்கள் உண்டு. அவர்கள் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலே கூத்தாடிகள் பங்களா வாசலுக்குச் சென்று ஆடுவார்கள். துரை ‘சந்தோசம்’ கொடுப்பார், அதாவது இனாம். திடலிலே பெரிய கங்காணிக்குத்தான் முதல் மரியாதை. தொழிலாளரைக் கடன் துண்டோடு கட்டிவைத்திருந்த முறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, 1939ஆம் ஆண்டிலே இலங்கை இந்திய காங்கிரஸ் தோன்றிற்று, தொழிற்சங்கங்கள் வளர்ந்தன. கங்காணி அமர்ந்த நாற்காலியிலே சங்கத் தலைவர் அமர்ந்தார். நாற்காலி மட்டும் அதே இடத்தில் இருந்தது.

இவர்களெல்லாம் கொடுத்தது எப்போதாவது ஒருநாள். கூத்தை உண்மையிலே சுமந்தது வேறொரு பணம். தோட்டத்திலே ஒருநாள் வேலையைப் ‘பேர்’ என்று சொல்வார்கள். செக்ரோலிலே அன்று பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் உண்டு. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’தான். கூத்துக்கு வரி என்றால், வீட்டுக்கு இத்தனை என்று பிரித்து, பேரிலிருந்து எடுத்துக் கொடுப்பதே வழக்கம். அந்தப் பேரின் பெறுமதி என்ன? நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்ற அளவை அது பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021ஆம் ஆண்டிலேதான் எட்டிற்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிலே குடும்பம் நடத்திக்கொண்டு, அப்படிப்பட்ட ஒரு பேரை ஒரு கூத்துக்காகக் கொடுப்பது எளிதான செயலா?

இளைஞர்கள் முதலில் தயாரித்த நிகழ்ச்சி நிரலிலே, பெருந்தொகை கொடுத்தவர்கள் முதலில் இருந்தார்கள். அவர்களுக்குப் பொன்னாடை, மலர்மாலை, முன்வரிசைக் கதிரை. அடுத்து வேஷம் கட்டியவர்கள். தப்படித்தவர்களின் பெயர் கடைசி வரியில், ‘மற்றும் வாத்தியக் குழுவினர்’ என்று இருந்தது. வீட்டு வரி கொடுத்தவர்கள் அதிலே இல்லை.

நிரலைப் பார்த்த வாத்தியார், தாம் மேடையேறப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன நியாயம் இரண்டு. தப்பு இல்லாமல் ஒரு காலடிகூடக் கூத்திலே எடுத்து வைக்க முடியாது. அப்படியிருக்க, சாதியைச் சொல்லித் தப்படிப்பவரைத் திடலின் ஓரத்திலே நிறுத்தி, சாராயத்தையும் சில்லறையையும் கொடுத்து அனுப்பிய பழைய பாவத்தை இன்னுமா செய்வது என்பது ஒன்று. பொன்னாடைகளுக்கே திரட்டிய பணத்தில் பெரும்பகுதி போய்விட்டால், தப்பு எதைக்கொண்டு வாங்குவது என்பது மற்றொன்று. இளைஞர்கள் முதலிலே வருந்தினார்கள், பிறகு யோசித்தார்கள். “நகரத்தில் செய்வதைப் பார்த்து எழுதினோம் சேர், எங்கள் பிழைதான்” என்று மன்றச் செயலாளர் என் நண்பரிடம் ஒப்புக்கொண்டாராம்.

கடைசியில் ஏற்பட்ட உடன்பாடு இது: கலைஞர்கள் முதலில், அவர்களுள்ளும் கூத்திலே அதிக ஆண்டு உழைத்தவர் முதலில். கொடையாளர் பெயர்களைத் தொகையின் வரிசையிலே வாசிக்கக் கூடாது. முதலாம் லயத்திலிருந்து தொடங்கி, லயம் லயமாக, வீடு வீடாக வாசிக்க வேண்டும். கடைத்தெரு வியாபாரிகளையும் ஒரு லயமாகக் கருதி இறுதியிலே சேர்த்துக்கொள்ள வேண்டும். பொன்னாடை கலைஞர்களுக்கு மாத்திரமே.

பெயர் வாசித்த வேளை

மாலை மயங்கியதும் விழா ஆரம்பமாயிற்று. மின்விளக்குகள் எரிந்தன. பிரதம அதிதியாக வந்த அதிகாரி நல்ல மனிதர். தம் பேச்சை ஐந்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டார்.

முதலில் அழைக்கப்பட்டவர் வாத்தியார் அல்லர், தப்புக்காரப் பெரியவர். வாத்தியாரைக் காட்டிலும் இரண்டாண்டு முன்னதாகவே அவர் கூத்திலே அடிக்கத் தொடங்கியவராம். திடலின் ஓரத்திலே நின்றிருந்த அவர், பெயரைக் கேட்டும் நகரவில்லை. இரண்டாம் முறை அழைத்தார்கள். வாத்தியார் தாமே இறங்கிச் சென்று அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கியை அவர் முன்னே நீட்டினார்கள்.

“எங்கப்பா அடிச்சப்போ கீழதான் நின்னாரு” என்றார் பெரியவர். “நானும் இத்தன வருஷம் கீழதான் நின்னேன். இன்னைக்கு மேல கூப்பிட்டீங்க, வந்துட்டேன். சந்தோசந்தான். ஆனா எம் பேரன் கொழும்புல கடையில நிக்கிறான். தப்பைத் தொடமாட்டேங்கிறான். அத அடிச்சாத்தான் நம்மள கீழ நிறுத்துறாங்கன்னு சொல்றான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்றது? இந்தத் துணிய எடுத்துட்டுப் போயிக் காட்டுறேன். நம்புறானா பாப்போம்.”

கைதட்டல் உடனே எழவில்லை. சிறிது நேரம் சென்றே எழுந்தது. அந்த இடைவெளியிலே எத்தனை பேருடைய மனச்சாட்சி விழித்திருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

பிறகு ஏலம் நடந்தது. மதன் கையில் ஏந்தியிருந்த கரும்பு வில்லை ஏலத்திலே கூறினார்கள். முச்சக்கர வண்டிச் சாரதிகள் ஒரு தொகை கேட்டார்கள். கடைத்தெருவிலிருந்து வந்திருந்த சிங்கள முதலாளி ஒருவர் அதற்கு மேலே கேட்டார். தொகை ஏற ஏறச் சிரிப்பும் ஆரவாரமும் ஏறின. முடிவிலே, ஒரே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஆளுக்கொரு பேர் போட்டு வில்லை எடுத்துவிட்டார்கள். முதலாளி எழுந்து அவர்களைக் கும்பிட்டுவிட்டு, தாம் கேட்ட தொகையையும் உண்டியலிலே போட்டார். பெண்களோ அந்தக் கரும்பைத் துண்டு துண்டாக ஒடித்து, அங்கிருந்த குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள்!

அதன்பின் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். செயலாளர் கையிலே ஒரு தடித்த கொப்பி. “முதலாம் லயம், முதலாவது வீடு...” என்று ஆரம்பித்தார். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஆயினும் எவரும் எழுந்து போகவில்லை. தம் பெயருக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த வீட்டார் பெயரையும் கேட்டார்கள். பெரட்டுக் களத்திலே வேலை பிரிப்பதற்காக அன்றாடம் அழைக்கப்படும் பெயர்கள், அன்று நன்றி சொல்வதற்காக அழைக்கப்பட்டன.

நான்காம் லயத்திலே ஓர் ஆணின் பெயரை வாசித்தபோது எழுந்து நின்றவர் ஒரு மூதாட்டி. என் நண்பர் விளக்கினார். அந்தப் பெயர் அவருடைய தமையனாருடையது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்குவதென்றும் இரு பிரதமர்களும் உடன்பட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளிலே 3 லட்சத்துக்கும் அதிகமானோர் தலைமன்னாரிலிருந்து கப்பலேறினார்கள். உறவினரின் அழுகையோடு புறப்பட்ட அந்தப் புகையிரதத்தை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்ததுண்டு. ஒரே குடும்பத்திலே அண்ணன் அக்கரைக்கும் தங்கை இக்கரைக்கும் எழுதப்பட்டார்கள். அந்த அண்ணன் இத்திடலிலே மதன் வேஷம் கட்டியவர். அவர் போன பிறகு, கூத்து நடக்கும் ஆண்டெல்லாம் அந்த அம்மாள் அவர் பெயரிலே ஒரு பேர் கொடுத்து வருகிறார்.

“அம்மாயி, அண்ணன் இப்ப எங்க இருக்காரு?” என்று கேட்டேன்.

“கோத்தகிரிப் பக்கம் இருந்தாரு தம்பி. அங்கயும் தேயிலதான். செத்துப் பல வருஷமாச்சு. ஆனா இங்க அவரு பேர் இருக்குல்ல?” என்றார்.

எத்தனை ரதிகள், எத்தனை மதன்கள், எத்தனை வாத்தியார்கள் அந்தக் கோச்சியில் ஏறிப் போயிருப்பார்கள்! ஒரு கூத்துக் குழு ஆட்களால் மாத்திரம் ஆனதன்று. ஒருவர் ஆட மற்றவர் அதைக் கண்டு பழகுவதால் ஆனது. நடுவிலே பத்துப்பேர் போய்விட்டால், மிஞ்சியவர்களுக்குப் பாட்டின் முதலடி நினைவிருக்கும். அடுத்த அடி அக்கரையில் இருக்கும்.

கல்லும் கொப்பியும்

அன்றிரவு ஆசிரியர் விடுதியிலே படுத்திருந்தபோது, கலைக்குப் பொருள் கொடுத்தோரை உலகம் எவ்வாறு நினைவு வைத்திருக்கிறது என்பதைச் சிந்தித்தேன்.

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரிலே, நாடகத்துக்கும் பாடற்குழுவுக்குமான செலவைச் செல்வந்தர் ஒருவர் ஏற்கவேண்டும் என்பது சட்டமாகவே இருந்தது. கி.மு. 335-334ஆம் ஆண்டிலே அவ்வாறு செலவேற்று வெற்றி பெற்ற லிசிகிராத்தீஸ் என்பவர் எழுப்பிய மண்டபம் இன்றும் அங்கே நிற்கிறது. அதிலே பொறித்த எழுத்துக்களில் முதலில் வருவது செலவேற்றவரின் பெயர். ஆயினும் குழல் வாசித்த தியோன் என்பவரின் பெயரும், பாடற்குழுவைப் பழக்கிய லிசியாதீஸ் என்பவரின் பெயரும் அங்கே இருக்கின்றன.

நம்முடைய தஞ்சைப் பெரிய கோவிலுக்கு வருவோம். முதலாம் இராஜராஜன் அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் அங்கே கல்லில் உள்ளன. நட்டுவரும் வாத்தியக்காரரும் மாத்திரமன்றித் தையற்காரரும் நாவிதருங்கூட அக்கல்வெட்டில் பங்கு பெற்றிருக்கிறார்கள். அதே 11ஆம் நூற்றாண்டிலே, இரண்டாம் இராஜேந்திரன் காலத்தில், இராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காகத் திருவாலன் திருமுதுகுன்றன் என்னும் சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுதோறும் 120 கலம் நெல் அளிக்க ஏற்பாடாயிற்று. நாடகம் மறைந்துவிட்டது, நடிகனின் பெயர் நிற்கிறது.

கினிகத்தேனைக்குப் பக்கத்திலேயே அம்பகமுவையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோழரை 1070ஆம் ஆண்டிலே பொலன்னறுவையிலிருந்து வெளியேற்றிய முதலாம் விஜயபாகு மன்னன், சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களுக்காகச் செய்த தருமத்தைச் சொல்லும் கல் அது. ஆக, கொடுத்தவர் பெயரைக் கல்லிலே வெட்டும் வழக்கத்துக்கு இந்த மலையும் புதிதன்று.

தோட்டத்து மக்களிடம் கல்வெட்டு இல்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் அவர்களிற் பலருடைய பெயர் நாட்டின் எந்தப் பதிவிலும் இல்லாதிருந்த காலமும் உண்டு. அவர்களிடம் இருப்பது ஒரு கொப்பி. அதிலே மன்னன் பெயர் இல்லை. ஒரு பேர் கொடுத்தவரும் அரைப் பேர் கொடுத்தவரும் இருக்கிறார்கள். கலைஞரும் புரவலரும் தனித்தனிச் சாதியாரும் அல்லர். நேற்று எமனாக வந்தவரே மறுநாள் வீட்டு வரி கொடுத்தவர். வரி கொடுத்தவரின் பிள்ளையே குறத்தியாக வந்தவன். இத்தகைய நாடகத்திலே கௌரவிப்பு என்பது உயர்ந்தோர் தாழ்ந்தோருக்குச் செய்வதாக இருக்க முடியாது. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொள்வதே அங்கே கௌரவம். அந்த அழைப்பிலே ஒரு பெயர் விடுபட்டாலும் கூத்திலே ஓர் அடி விடுபட்டதாகும். வாத்தியார் மேடையேற மறுத்ததன் பொருள் எனக்கு அப்பொழுதுதான் நன்கு விளங்கிற்று.

1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார்ப் பகுதிகளின் அண்ணாவிமார்களைத் தேடிச் சென்று மதிப்பளித்தார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். கிராமத்துக் கூத்தைக் கற்றவர்கள் மதிக்கத் தொடங்கியதற்கு அது பெரிய காரணம். மலையகத்துத் திடல்களிலும் அதுபோன்ற தேடல் நடைபெற வேண்டும். பொன்னாடைக்காக அன்று, பாட்டின் அடுத்த அடியை அறிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்வதற்காக.

திரும்பும் வேளை

மறுநாட் காலையில் வாத்தியாரிடம் விடைபெறச் சென்றேன். இரவே கணக்கைப் பார்த்துவிட்டார்கள். தப்புகள் வாங்கப் பணம் உண்டு. உடைகளுக்குப் பாதிதான் தேறும். ரதியின் கிரீடம் இன்னும் ஓராண்டு இரவலாகத்தான் வரவேண்டும். கூத்துப் பழகுவதற்குப் பெயர் கொடுத்த பிள்ளைகள் ஐந்து பேர். அவர்களில் ஒருத்தி பெண்பிள்ளை. அவள் கேட்டது ரதி வேஷமன்று, தப்பு.

“பொம்பளப் புள்ளைக்குத் தப்பா என்று சிலர் கேட்டார்கள்” என்றார் நண்பர்.

“நீங்கள் என்ன சொன்னீர்கள்?” என்று வாத்தியாரைப் பார்த்துக் கேட்டேன்.

“நான் என்னத்தச் சொல்றது? அது அடிக்கிறவரு சொல்லணும். அவருகிட்டக் கேட்டேன். சாயந்திரம் புள்ளைய அனுப்பச் சொல்லிட்டாரு.”

பஸ் கினிகத்தேனையை விட்டு இறங்கத் தொடங்கிற்று. மலைச்சரிவிலே பெண்கள் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். கரும்பு வில்லை ஏலத்தில் எடுத்த ஒன்பது பேரும் அங்கே எங்கேயோ இருந்திருப்பார்கள்; ஆளுக்கொரு பேர் கடனோடு!

மாசி மாதத்திலே இப்பாதையாகப் பிரயாணம் செய்யும் வாசகர்கள், குறிப்பாக மாணவர்கள், இரவிலே தப்பொலி கேட்டால் வண்டியை நிறுத்தி அத்திடலுக்குச் செல்லுங்கள். உங்களை எவரும் அந்நியராக நடத்தமாட்டார்கள். குடிக்கத் தேநீர் தருவார்கள். விடியும் வரையில் இருந்து பாருங்கள். புறப்படும்போது அந்தக் கொப்பியைக் கேட்டு வாங்கி, உங்களால் இயன்ற ஒரு பேரை எழுதிவிட்டு வாருங்கள். தொகை எவ்வளவு என்று எவரும் உரக்க வாசிக்கமாட்டார்கள். உங்கள் பெயரை மட்டும் வாசிப்பார்கள்.